கேலிப்பர் எங்கே கசிகிறது? டிரம் பிரேக் காலத்து அறிவும் அதன் பிழையும்

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டி, குக் டவுனுக்கும் காக்ஸ் டவுனுக்கும் அருகே ஜீவனஹள்ளி இருக்கிறது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘ஹள்ளி’ பழங்கன்னடத்தில் ‘பள்ளி’யாக இருந்தது. சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாகத் திரிவது ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, அடுத்த சில நூற்றாண்டுகளில் கன்னடம் முழுவதும் பரவியது. தமிழின் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பிடி ஹிடி. ஆகவே கண்டோன்மென்ட் பகுதிப் பட்டறை ஒன்றில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் தமிழிலும், ‘பிரேக் ஹிடியல்ல’ என்று மற்றொருவர் கன்னடத்திலும் முறையிட்டால், இருவரும் பயன்படுத்துவது ஒரே வினைவேரைத்தான். 1809-இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியபோது அதனுடன் வந்து குடியேறிய தமிழ் பேசுவோரின் வழித்தோன்றல்கள் இந்தப் பகுதியில் இன்றும் மிகுதி. எனவே இந்த இருமொழி முறையீடு இங்கே அன்றாட நிகழ்ச்சி.

இதே வேர்ச்சொல் எதிர்மாறான நோயையும் குறிக்கிறது. ‘பிரேக் பிடித்துக்கொண்டது’ என்றால் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் விடுபடவில்லை என்று பொருள். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமை, விட வேண்டிய நேரத்தில் விடாமை என்ற இந்த இரு குறைகளும் டிஸ்க் பிரேக் கொண்ட பழைய காரில் ஓர் உறுப்பிலிருந்தே பிறக்கின்றன. அதுதான் கேலிப்பர். சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விநிற்கும் வார்ப்பிரும்புக் கூடு அது. அதனுள்ளே பக்கத்துக்கு ஒன்றாகவேனும் பிஸ்டன் இருக்கும். மிதியை அழுத்தினால் திரவத்தின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிரேக் பேடைத் தட்டின்மேல் நெருக்கும். பழைய கேலிப்பரைப் பிரித்துப் புதுக்குவது கேட்பதற்கு எளிய வேலை. பிரி, கழுவு, ரப்பரை மாற்று, பூட்டு. ஆனால் இந்தியப் பட்டறைகளில் இவ்வேலை தவறும்போது பெரும்பாலும் ஒரே விதமாகவே தவறுகிறது. அந்தத் தவறுக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் தவறைக் காண்போம். டிரம் பிரேக்கில் திரவத்தைத் தாங்கும் உறுப்புக்கு வீல் சிலிண்டர் என்று பெயர். அதில் கிண்ண வடிவ ரப்பர், பிஸ்டனோடு சேர்ந்து நகர்கிறது. அது உரசிச் செல்வது சிலிண்டரின் உட்சுவர்மீது. எனவே உட்சுவரில் துருக்குழி விழுந்தால் கசிவு வரும். அதற்கு மருந்து, உட்சுவரை ஹோன் கல்லால் இழைத்து வழவழப்பாக்குவது. குழி ஆழமென்றால் சிலிண்டரைக் குடைந்து பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவ் இறக்குவது. இதை இருபது ஆண்டுகள் செய்த மெக்கானிக்கின் விரல் தானாகவே சிலிண்டரின் உட்புறத்தைத்தான் தடவிப் பார்க்கும்.

கேலிப்பரில் நிலைமை தலைகீழ். கெர்லிங் முதலிய நிறுவனங்கள் 1960களில் பரவலாக்கிய அமைப்பில் ரப்பர் வளையம் நகர்வதில்லை. கூட்டின் உட்சுவரில் வெட்டிய பள்ளத்தில் அது அமர்ந்திருக்க, பிஸ்டன் அதன் நடுவே புகுந்து போய்வருகிறது. ஆகவே கசிவைத் தடுப்பது பிஸ்டனின் வெளிப்பரப்பு. உட்சுவருக்கு அதில் பங்கே இல்லை. உட்சுவரில் சிறு வடு இருந்தாலும் ஒரு துளி கசியாது. பிஸ்டனின் குரோம் பூச்சில் குண்டூசி முனையளவு குழி இருந்தால் போதும், கசியும். டிரம் பிரேக்கில் பழகிய கை கேலிப்பரின் உட்சுவரை ஹோன் செய்கிறது, இடைவெளி அதிகமாகிறது, பயன் ஏதுமில்லை. குழிவிழுந்த பிஸ்டனோ எமரித் தாளால் துடைக்கப்பட்டு, மினுமினுப்பாகி, மீண்டும் உள்ளே போகிறது. எமரித் தாள் மிச்சமிருந்த குரோமையும் தின்றுவிட்டிருக்கும்.

இரண்டாம் மொழி கற்பவர் தம் தாய்மொழியின் இலக்கணத்தை அறியாமலே அதில் ஏற்றிப் பேசுவதை மொழியியலார் குறுக்கீடு என்பர். குறுக்கீட்டுப் பிழை கல்லாமையால் வருவதில்லை. ஒன்றை மிக நன்றாகக் கற்றதால் வருவது அது. கேலிப்பரை ஹோன் செய்யும் கையையும் அவ்வாறுதான் புரிந்துகொள்ள வேண்டும். ‘நம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி போதாது’ என்று பழங்கார் உரிமையாளர்கள் சிலர் சலித்துக்கொள்வது வழக்கம். அந்தச் சலிப்பு வரலாற்றைப் பாராத சலிப்பு. அந்தக் கை டிரம் பிரேக்கை அவ்வளவு ஆழமாகக் கற்க நேர்ந்தது ஏன் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

1953-இல் டாரிஃப் கமிஷன் மோட்டார்த் தொழில் பற்றி அளித்த பரிந்துரையை ஏற்று, உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டி மட்டும் விற்ற நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று இந்திய அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எஞ்சியவற்றுள் சாலையை நிறைத்தவை மூன்று கார்கள். உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உருவான அம்பாசடர், பம்பாயில் உருவாகிப் பின்னாளில் பத்மினி என்று பெயர்பெற்ற ஃபியட் 1100, சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிந்தைய சில வகைகளை விட்டுவிட்டால் மூன்றுமே நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டவை. இங்கிலாந்தில் ஹெரால்டின் உடன்பிறப்பான ஸ்பிட்ஃபயர் 1962-இலேயே முன்சக்கரங்களில் டிஸ்க்கோடு வந்துவிட்டது. இங்கே அந்தத் தலைமுறை மாற்றம் 1980களின் நடுப்பகுதிவரை காத்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு மெக்கானிக் உதவிப் பையனாகச் சேர்ந்து பட்டறை முதலாளியாகும்வரை, அவர் கண்ணில் பட்ட பிரேக் அனைத்தும் டிரம்தான்.

வெளிநாட்டுக் கார்கள் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்களை அரசு வணிகக் கழகம் வாங்கி ஏலத்தில் விற்கும் ஏற்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அவ்வழியே மெர்சிடீஸும் பிற ஐரோப்பியக் கார்களும் இந்தியத் தனியாரிடம் வந்தன. கார் வந்தது, உதிரிப்பாகம் வரவில்லை. இறக்குமதி உரிமம் இல்லாமல் ஒரு ரப்பர் வளையம்கூட முறைப்படி நாட்டுக்குள் வர இயலாத காலத்தில் அத்தகைய காரின் கேலிப்பர் கசிந்தால், கையில் இருப்பதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். கையில் இருந்ததோ வீல் சிலிண்டர் பற்றிய அறிவு. அந்த அறிவு கேலிப்பருக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

உள்நாட்டில் பிரேக் உறுப்புத் தொழில் வேரூன்றியது சென்னைக்கு அருகே பாடியில். டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கெர்லிங் நிறுவனமும் கூட்டாக 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதே வட்டாரத்தில் லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம்-கிளேட்டன், வீல்ஸ் இந்தியா ஆகியவையும் 1960களின் தொடக்கத்தில் எழுந்தன. 1964-இல் ரானே நிறுவனம் பிரேக் லைனிங் தயாரிக்கத் தொடங்கியது. ‘கெர்லிங்’ என்பது ஆல்பர்ட் கெர்லிங் என்பவரின் பெயர். அவர் 1925-இல் காப்புரிமை பெற்றது ஆப்பு ஒன்றை நுழைத்துக் கட்டைகளை விரிக்கும் இயந்திர பிரேக்குக்கு. திரவ பிரேக்குக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் உரிமை கைமாறி, லூகாஸ் குழுமத்தின்கீழ் வந்து, பெயர் மட்டும் நிலைத்தது. கெர்லிங் என்ற ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் பாடியில் தொழிற்சாலைச் சொல்லாகிவிட்டது.

பெங்களூரு கார் நகரமாகியிருக்கக் கூடிய ஊர்தான். 1930களில் இந்தியாவிலேயே கார் செய்யும் திட்டத்தை வகுத்தவர் எம். விசுவேசுவரய்யா. அதை மேற்கொண்டு நடத்தியவர் வால்சந்த் ஹீராசந்த். ஆனால் 1940-இல் வால்சந்த் பெங்களூரில் நிறுவியது விமான ஆலையை. அவருடைய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944-இல் பம்பாயில் பிறந்தது. கார் ஆலை வராவிட்டாலும் இந்த நகரத்துக்கு வேறொன்று கிடைத்தது. விமான ஆலையைத் தொடர்ந்து 1948-இல் ஐ.டி.ஐ., 1951-இல் மைகோ, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். என்று வரிசையாக நுண்பொறித் தொழிற்சாலைகள் வந்தன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அன்றாடம் அளந்து பழகிய கடைசல்காரர்கள் இந்நகரத்தில் பெருகினர். ஓய்வுக்குப் பின்னும் அதற்கு முன்னும் அவர்களிற் பலர் சிறு லேத் பட்டறைகள் வைத்தனர். கேலிப்பரைப் புதுக்குவதில் கடைசல்காரரின் பங்கு மெக்கானிக்கின் பங்கைவிடச் சிறிதன்று. குழிவிழுந்த பிஸ்டனுக்கு மாற்று கிடைக்காதபோது எவர்சில்வர் கம்பியிலிருந்து புதிய பிஸ்டனைக் கடைந்து, சாணைபிடித்து, அளவு குறையாமல் கொடுப்பவர் அவர்தான். கசியும் இடம் பிஸ்டன் என்பதை மெக்கானிக் கண்டுகொண்டால், தீர்வு இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறையில் இருக்கிறது. கண்டுகொள்ளாவிட்டால் எச்.எம்.டி. லேத்தே இருந்தும் பயனில்லை.

இங்கே ஒரு திருத்தம் வேண்டும். ‘கேலிப்பரில் ரப்பர் நகராது’ என்பது எல்லாக் கேலிப்பருக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் விதியன்று. டிஸ்க் பிரேக்கின் முதல் காப்புரிமையை பர்மிங்காமின் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-இல் பெற்றார். அதில் திரவமும் இல்லை, ரப்பரும் இல்லை. தட்டைப் பிடித்தது செம்பு. அது போட்ட கிறீச்சொலியே அதைப் பயன்படுத்த விடாமல் செய்தது. பிறகு டிஸ்க் பிரேக் விமானத்துக்குப் போய்த் தேர்ச்சிபெற்று, டன்லப் நிறுவனத்தின் வழியே தரைக்குத் திரும்பியது. 1953-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார், மணிக்குச் சராசரி 170 கி.மீ. வேகத்தில் ஓடி வென்றது. வேகத்தை விரைவாகக் குறைக்க முடிந்த வண்டியே விரைவாக ஓட முடிந்த வண்டியாயிற்று. அந்தக் கால டன்லப் கேலிப்பரின் உள்ளமைப்பைப் பார்த்தால், வெளியே டிஸ்க், உள்ளே வீல் சிலிண்டர் என்றே சொல்லலாம். ரப்பர் பிஸ்டனில் ஏறியிருக்கும். பிஸ்டனைப் பின்னிழுக்கத் தனியே ஒரு கம்பியும் அதை இறுகப் பற்றும் புஷ்ஷும் இருக்கும். சிலிண்டர்கள் கூட்டின் வெளிப்புறத்தில் தனித்தனியே போல்ட்டால் பூட்டியிருக்கும். 1959-இல் வந்த ஜாகுவார் மார்க் 2-இன் நான்கு சக்கரங்களிலும் இத்தகையதே. அந்தக் காரின் கேலிப்பரை டிரம் மெக்கானிக் ஹோன் செய்தால் அது சரியான வைத்தியம்! பத்தாண்டு பிந்திய கேலிப்பரில் அதே வைத்தியம் பிழை. ஆகவே பிரிக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி காரின் பெயரன்று, ரப்பர் எதில் அமர்ந்திருக்கிறது என்பது.

ரப்பர் கூட்டுக்கு மாறியதால் நிகழ்ந்த விந்தை ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த வளையத்தின் குறுக்குவெட்டு வட்டமன்று, சதுரம். பிஸ்டன் முன்னேறும்போது வளையத்தின் உள்விளிம்பு பிஸ்டனை ஒட்டிக்கொண்டு சற்றே முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் முறுக்கு தளர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னிழுக்கும். அந்த மயிரிழைதான் பேடுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட வெளி. தனி ஸ்பிரிங் கிடையாது, கம்பி கிடையாது. பேட் தேயத்தேய பிஸ்டன் வளையத்துள் வழுக்கி முன்னே வந்து, புதிய இடத்திலிருந்து அதே மயிரிழையைப் பின்வாங்கும். கசிவைத் தடுப்பதும் பிரேக்கை விடுவிப்பதும் தேய்மானத்தை ஈடுகட்டுவதும் ஒரே ரப்பர் வளையத்தின் வேலை. இதனால்தான் ‘பிரேக் பிடித்துக்கொண்டது’ என்ற நோய்க்கும் அதுவே காரணமாகிறது. வளையம் அமர்ந்த பள்ளத்தின் அடியில் துரு ஏறினால் வளையம் உள்நோக்கித் தள்ளப்பட்டு பிஸ்டனை நெரிக்கும். பிஸ்டன் போகும், வராது. பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புதிய வளையம் போட்டால் நெரிப்பு அதிகமாகுமே தவிரக் குறையாது.

பள்ளத்தில் துரு ஏறுவது எப்படி என்ற கேள்வி ‘பிரேக் ஆயில்’ என்ற சொல்லுக்கு இட்டுச் செல்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் பட்டறை வழக்கு அதுதான். அந்தப் பாட்டிலில் இன்று எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். ஆனால் ‘ஆயில்’ என்பது தவறான சொல் என்று தள்ளிவிடவும் முடியாது. மால்கம் லாக்ஹீட் 1917-இல் காப்புரிமை பெற்று, 1921-இல் டியூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்த திரவ பிரேக்கின் மரபில் நெடுங்காலம் ஓடியது விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து அழித்துவிடும். விளக்கெண்ணெய் அப்படிச் செய்யாது. காரணம் இவ்வளவே. சோவியத் ஒன்றியத்தில் விளக்கெண்ணெயும் பியூட்டனாலும் சரிபாதியாகக் கலந்த சிவப்புத் திரவம் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்ட நாட்டில், காரை நிறுத்தியதும் அதே ஆமணக்குதான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. இத்தகைய எச்சங்கள் மொழியில் பொதுவாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இது செய்கிறது. ஆயில்தானே என்று எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஒருமுறை ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டர் முதல் கேலிப்பர் வரை எல்லா ரப்பரும் ஊதிப் பிதுங்கிவிடும். பிரித்த உறுப்புகளை டீசலில் கழுவும் வழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு; பள்ளத்தில் தங்கிய டீசல் ஈரம் புதிய வளையத்தைக் கெடுக்கப் போதும். கழுவ வேண்டியது ஸ்பிரிட்டில் அல்லது பிரேக் திரவத்திலேயே. பூட்டும்போது தடவ வேண்டியதும் ரப்பருக்கென்றே உள்ள சிவப்பு கிரீஸ். அதன் அடிப்படை இன்றும் விளக்கெண்ணெய்தான்.

குழப்பம் இந்தியப் பட்டறைக்கு மட்டும் உரியதன்று. 1955-இல் டிஸ்க் பிரேக்கோடு வெளிவந்த பிரெஞ்சுக் காரான சிட்ரோயன் டி.எஸ்., முதலில் சிவப்புத் திரவத்தில் ஓடியது. 1966 முதல் பச்சைநிறக் கனிமத் திரவத்துக்கு மாறியது. பார்வைக்கு ஒரே கார், உள்ளே ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு ரப்பர்கள். சிவப்புக்குப் பச்சையை ஊற்றியும் பச்சைக்குச் சிவப்பை ஊற்றியும் கெட்ட கார்களுக்குக் கணக்கில்லை. பச்சைத் திரவ உறுப்புகளுக்கு நிறுவனமே பச்சைச் சாயம் பூசி அனுப்பியது. சொல்லை நம்பாமல் நிறத்தை நம்பிய முன்னெச்சரிக்கை அது.

கிளைக்கால் திரவத்தின் குறை வேறு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்று குறிக்கப்படும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகையாக இறங்குகிறது. மலைச்சாலை இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும். ஓடாத காருக்குக் கொதிப்பைவிடத் துருவே பகை. நெடுநாள் மாற்றாத திரவத்தின் ஈரம் பள்ளத்தைத் துருவேற்றுகிறது. வெளியே தூசி உறை கிழிந்த இடத்தின் வழியே நுழையும் ஈரம் பிஸ்டனின் வெளிமுனைக் குரோமைக் குழிக்கிறது. இந்தக் குழிகள் வளையத்துக்கு வெளியே இருப்பதால் அப்போதைக்குக் கசிவு தெரியாது. பேட் தேய்ந்து புதிய பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், குழிவிழுந்த பகுதி வளையத்தைக் கடந்து உள்ளே போகும், மறுநாள் கசியும். பேட் மாற்றியதால் கசிந்தது என்று உரிமையாளர் பேடைக் குறைகூறுவார், அல்லது மெக்கானிக்கை. இருவருக்கும் முன்னரே குற்றம் நடந்து முடிந்திருக்கும்.

2021 ஜூலையில் நடுவண் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 50 ஆண்டுகளைக் கடந்த தனியார் வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்யும் முறை வந்தது. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். நோக்கம் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரேக்கின் நோக்கிலிருந்து பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி நிற்கும் காரே விரைவில் கெடும் கார். அசையாத பிஸ்டன் ஒரே இடத்தில் துருவேறும். விதி சேஸிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. பிரேக் பிஸ்டனை அது பேசவில்லை. எவர்சில்வர் பிஸ்டன் மூலத்தன்மையைக் கெடுக்கும் என்று வாதாடும் தூய்மைவாதிகள் பழங்கார் உலகில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவேறாத உலோகம் இருப்பதை எதிர்ப்பதற்கு வலுவான காரணம் எதுவும் அவர்களிடம் இல்லை.

‘கேலிப்பர்’ என்ற சொல் துப்பாக்கிக் குழாயின் விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’ என்பதன் மறுவடிவம். உருண்டையின் விட்டத்தை அளந்த கவைக்கருவிக்கு முதலில் வழங்கியது. அதன் பின்னே வார்ப்பச்சு என்று பொருள்படும் அரபுச் சொல் ‘காலிப்’ உண்டு. அதற்கும் பின்னே செருப்புத் தைப்பவரின் மரக்காலைக் குறித்த கிரேக்கச் சொல் இருப்பதாகப் பலர் கருதுவர். டிரம் பிரேக்கின் கட்டைக்கு ஆங்கில வழியே ‘ஷூ’ என்று பெயர் வந்திருக்க, அதற்குப் பதிலாக வந்த கருவியின் பெயரிலும் செருப்பு ஒளிந்திருப்பது வெறும் தற்செயல். ஆனால் பிரேக் லைனிங் தொழிலைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட், இங்கிலாந்தின் மலைச்சரிவில் குதிரைவண்டிக்காரர்கள் மரக்கட்டையில் பழைய செருப்புத் தோலை அறைந்து ஓட்டுவதைக் கண்டே அந்தத் தொழிலில் இறங்கினார் என்று சொல்வார்கள்.

ஃப்ரூட்டின் ஃபெரோடோ நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலையும் பருத்தியையும் விட்டு ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறியது. உலகம் முழுதும் அவ்வழியைப் பின்பற்றியது. பழைய காரின் பேடிலும் ஷூவிலும், டிரம்மின் உள்ளே படிந்த சாம்பல்நிறத் தூளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கக் கூடும். அதன் இழை நுரையீரலில் தங்கி இருபது முப்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் கவலை ஆலைத் தொழிலாளரைப் பற்றியது. தெருப்பட்டறையில் கம்ப்ரசர் குழாயால் பிரேக் தூளை ஊதித் தள்ளும் உதவிப் பையன் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இல்லை. பழங்கார்களைப் புதுக்குவதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று எழுதுபவர்கள் இந்தத் தூளைப் பற்றி எழுதுவது அரிது. ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வேலையின் ஒழுங்கு இதிலிருந்து தெளிவாகும். காரிலிருந்து கேலிப்பரைக் கழற்றுமுன்னரே மிதியை அழுத்திப் பிஸ்டன்களை வெளிநோக்கி நகர்த்திக்கொள்வது நல்லது. இறுகிய பிஸ்டனை அசைக்கத் திரவ அழுத்தத்துக்கு இணையான கருவி வேறில்லை. எதிரெதிர்ப் பிஸ்டன்களில் இளகியது முதலில் வெளியே விழுந்துவிட்டால் அழுத்தம் அத்தோடு போய்விடும். இறுகியது உள்ளேயே தங்கும். ஆகவே இளகியதைக் கவ்வியால் பிடித்து நிறுத்தி, இறுகியதை முதலில் வரவைக்க வேண்டும். காற்றழுத்தம் பயன்படுத்தினால் நடுவே மரக்கட்டை இருக்க வேண்டும், விரல் இருக்கக் கூடாது. கூட்டின் இரு பாதிகளைப் பிரிக்க வேண்டாம் என்பது பழைய கையேடுகளின் அறிவுரை. இணைப்பிலுள்ள சிறு ரப்பர் வளையம் அந்நாளில் தனியே விற்பனைக்குக் கிடைக்காததும், போல்ட்டின் இறுக்க அளவு தவறக் கூடாததும் அதற்குக் காரணங்கள். இன்று வளையம் கிடைக்கிறது. துரு அதிகமென்றால் பிரித்தே ஆக வேண்டும். பள்ளத்தைச் சுரண்டப் பித்தளை ஊசி போதும், எஃகு ஊசி பள்ளத்தின் விளிம்பைக் காயப்படுத்தும். உட்சுவரைத் துடைத்தால் போதும். பிஸ்டனை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, நகத்தை அதன்மேல் ஓட்டி, நகம் தட்டினால் லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

பூட்டி முடித்து, தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுத்தபின், சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றுகிறார்கள். ஒருவர் மிதியை அழுத்துகிறார், சக்கரம் நிற்கிறது. காலை எடுக்கிறார், மெல்லிய உரசல் ஒலியோடு சக்கரம் மறுபடி சுற்ற வேண்டும். அந்த உரசல் ஒலி சதுர வளையம் பின்வாங்கிய மயிரிழையின் ஒலி. அது இல்லாமல் சக்கரம் கனத்தால் பள்ளத்தில் இன்னும் துரு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து, மிதியைப் பலகையால் முட்டுக்கொடுத்து அழுத்தி வைத்து, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் தாளில் கறை இருந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.